வயல் எலி பொழுதைப் பார்ப்பதில்லை, கதிரைப் பார்க்கிறது

குளிர் நாடுகளில் எலிகளின் குணத்தையே பகற்பொழுது மாற்றிவிடுகிறது. சைபீரியாவைச் சேர்ந்த ஹாம்ஸ்டர் என்னும் குட்டைவால் எலியை அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கிரகரி டெமாஸ் குழுவினர் ஆராய்ந்தனர். நாளொன்றுக்கு 8 மணி நேரமே வெளிச்சம் கண்ட ஆண் எலிகளின் விதைகள் சுருங்கின. ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனும் குறைந்தது. காயடித்த காளை போல் இவை சாதுவாகியிருக்க வேண்டும். மாறாக, முன்னிலும் மூர்க்கமாகச் சண்டையிட்டன!

இருட்டில் மூளையிலுள்ள பினியல் சுரப்பி மெலடோனினைச் சுரக்கிறது. இரவு நீண்டால் சுரக்கும் நேரமும் நீளும். இதன் தூண்டுதலால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறொரு ஹார்மோன் சண்டைக் குணத்தை வளர்க்கிறது. இரை அரிதான குளிர்காலத்தில் குட்டி போடுவதை நிறுத்திவிட்டு, இருக்கும் இடத்தைக் காக்கவே எலி போரிடுகிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

கம்பம் பள்ளத்தாக்கின் நிலை வேறு. இங்கு ஆனி மாதப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ 1 மணி நேரமே. பெரியாற்று நீரால் கூடலூர் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம். ஆகவே நம் வரப்பெலிக்குக் கதிரே காலண்டர். தொண்டைக்கதிர் பருவத்தில் இனப்பெருக்கம் மும்முரமாகிறது. சினைக்காலம் சுமார் 3 வாரம். ஈற்றுக்கு 6 முதல் 8 குட்டிகள் சாதாரணம். எனவே தொண்டைக்கதிருக்கு முன் பிடிபடும் ஒரு பெண் எலி, பின்னால் பிடிக்கும் பல எலிகளுக்குச் சமம்.

சண்டைக் குணம் நம் எலிக்கும் உண்டு. குட்டிகளுடன் உள்ள தாயைத் தவிர, பொதுவாக ஒரு வளைக்கு ஓர் எலிதான். அயலானைச் சீறி விரட்டும். ஒருவர் வயலில் மட்டும் எலியைக் கொன்றால், காலியான வளைக்குப் பக்கத்து வயல் எலி குடிவந்துவிடும். எனவே ஒரே வாய்க்காலில் பாயும் உழவர்கள் அனைவரும் ஒரே வாரத்தில் இறங்குவதே பலன் தரும்.

செய்ய வேண்டியவை:

1. அறுவடை முடிந்ததும் வளைகளை வெட்டி எலிகளைப் பிடித்து, வரப்பைச் செதுக்கிக் குறுக்குங்கள்.

2. நட்டபின், தொண்டைக்கதிருக்கு முன்பே ஏக்கருக்கு 40 தஞ்சாவூர் கிட்டிகள் வைக்கலாம்.

3. மாலையில் வளைகளை மூடுங்கள். காலையில் புதுமண் தள்ளித் திறந்திருப்பதே எலி உள்ள வளை. அதனுள் மட்டும் 0.005 சத புரோமடியோலோன் கட்டியை இடுங்கள். ஆடுமாடு, கோழி, குழந்தைகளுக்கு எட்டக்கூடாது. செத்த எலிகளைப் புதைத்துவிடுங்கள்.

4. ஆந்தை அமர வயலில் குச்சித் தாங்கிகள் நடுங்கள். ஆந்தைக்குக் கூலி வேண்டாம்.

கதிர் வெட்டுப்பட்ட பின் மருந்து தேடுவதைவிட, பயிர் பச்சையாக இருக்கும்போதே வரப்பைச் சுற்றி வருவது மேல்.