ஏணி இல்லாத இரண்டாம் படி

தென்காசி வட்டாரத்தில் 'சீசன்' என்றால் அது குற்றாலச் சாரலையே குறிக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான வருவாயை நம்பி ஆண்டு முழுவதற்கும் கணக்குப் போடும் கடைக்காரர்கள் இங்கே பலர். சாரல் பொய்த்தால் நட்டம். பொழிந்தால் அடுத்த ஆண்டு கடையைச் சற்றுப் பெரிதாக்கலாம். வளர வழி இருப்பதால்தான் இழப்பையும் துணிந்து ஏற்கிறார்கள். விளையாட்டுப் போட்டிகளின் பருவத்துக்கும் இந்த விதி பொருந்தும். இரண்டாம் நிலையில் வென்றவர் முதல் நிலைக்கு ஏற முடியுமென்றால்தான் அங்கே முதலீடும் உழைப்பும் நிலைக்கும். ஏற வழியில்லாதபோது நேர்வது என்ன என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு.

2019 மார்ச் 9 அன்று கோவை நேரு விளையாட்டரங்கில் ஐ-லீக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் சென்னை சிட்டி அணி, முந்தைய ஆண்டின் சாம்பியனான மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாவது நிமிடத்திலேயே பஞ்சாப் கோல் அடித்தது. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டி மூலம் சமன்செய்தார். கௌரவ் போரா இரண்டு கோல்கள் அடித்தார். 3-1 என்ற வெற்றியுடன், 20 ஆட்டங்களில் 43 புள்ளிகள் பெற்று, 42 புள்ளிகள் பெற்ற ஈஸ்ட் பெங்காலை முந்திக் கோப்பையை வென்றது சென்னை சிட்டி. ஐ-லீக்கில் அந்த அணிக்கு அது மூன்றாவது பருவம்தான். முதல் இரண்டிலும் பட்டியலின் கீழ்ப்பாதியிலேயே முடித்திருந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸும், அந்தப் பருவத்தில் 21 கோல்கள் அடித்த மான்சியும் அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணர்கள்.

ஆனால் அந்தக் கோப்பையால் செல்லக்கூடிய உயரம் குறைந்துகொண்டிருந்தது. 2007-இல் தொடங்கிய ஐ-லீக்குக்குப் போட்டியாக 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் உருவானது. 2017-18 முதல் இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன. அப்போது சூப்பர் லீக்கில் இடம் என்பது ஆட்டத்தில் வென்று பெறுவதன்று. கட்டணம் செலுத்தி வாங்குவது. தொலைக்காட்சியின் கவனமும் விளம்பரதாரர்களும் அங்கே சென்றனர். 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒப்புதல் அளித்த திட்டம், சூப்பர் லீக்கையே நாட்டின் முதல்நிலைப் போட்டியாக ஏற்றது. ஐ-லீக் சாம்பியன் கட்டணமின்றி மேலே செல்லும் வாய்ப்பு 2022-23 பருவத்திலிருந்துதான் என்றும் அத்திட்டம் கூறியது. 2019-இன் சாம்பியனுக்கு அதனால் பயனில்லை.

பின்னர் நடந்தவை பொருளியல் மாணவருக்கு வியப்பளிக்காதவை. எட்வின் சிட்னி வன்ஸ்பால் சூப்பர் லீக்கின் சென்னையின் எஃப்.சி.க்கு மாறினார், மான்சி ஜப்பானுக்குச் சென்றார். சுவிட்சர்லாந்தின் பாசெல் அணி 26 விழுக்காடு பங்கை வாங்கியிருந்தும் அந்த வெற்றியைத் தொடர முடியவில்லை. 2021-22 ஐ-லீக்கில் சென்னை சிட்டியே இல்லை. ஏணி இல்லாதது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை; கரோனா பெருந்தொற்றும் இடையில் வந்தது. எனினும் மேலே செல்லும் வாய்ப்பு இருந்திருந்தால், வீரரைத் தக்கவைக்கவும் முதலீட்டாளரை ஈர்க்கவும் அந்த அணியிடம் ஒரு காரணமேனும் இருந்திருக்கும்.

அதே 2019-இல் அயர்லாந்தில் நடந்ததை இதனுடன் ஒப்பிடலாம். ஹர்லிங் அந்நாட்டின் மரபு விளையாட்டு. அணிக்கு 15 பேர், கையில் மட்டை, சிறிய பந்து. குறுக்குக் கம்பத்துக்குக் கீழே வலைக்குள் அடித்தால் மூன்று புள்ளிகள், மேலே அடித்தால் ஒன்று. வீரர்கள் ஊதியம் பெறாதவர்கள். ஆசிரியராகவோ விவசாயியாகவோ பணிபுரிந்துகொண்டே தம் மாவட்டத்துக்காக ஆடுபவர்கள். இரண்டாம் நிலை அணிகளுக்காக 2018-இல் ஜோ மெக்டோனா கோப்பை தொடங்கப்பட்டது. அதன் இறுதிப் போட்டியில் ஆடும் இரு அணிகளும் அதே ஆண்டிலேயே முதல்நிலைப் போட்டியின் காலிறுதிக்கு முந்தைய சுற்றில் நுழைவது அன்றைய விதி. சாம்பியன் மறு ஆண்டு மேல்நிலைக்குச் செல்லும்.

2019-இல் அக்கோப்பையை வென்றது லீஷ் மாவட்டம். அப்போது அதன் மக்கள்தொகை சுமார் 85 ஆயிரம். அடுத்த வாரமே, அப்போது 13 லட்சம் பேர் வாழ்ந்த டப்ளினை எதிர்கொண்டு 25-23 என்ற புள்ளிக்கணக்கில் வீழ்த்தியது. காலிறுதியில் டிப்பரேரியிடம் தோற்றது. டிப்பரேரிதான் அந்த ஆண்டின் சாம்பியன். முதல் ஆண்டில் வென்று மேலே சென்ற கார்லோ மாவட்டம் மறு ஆண்டே கீழிறங்கியது. ஆயினும் அணி கலையவில்லை; மீண்டும் ஏறும் வழி அதற்குத் திறந்தே இருந்தது.

ஏற்றமும் இறக்கமும் இருந்தால் முதலீட்டாளர் அஞ்சுவார் என்பது எதிர்வாதம். அதில் உண்மை உண்டு. அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டிகள் மூடிய அமைப்புகளே. அங்கே எந்த அணியும் கீழிறங்குவதில்லை. ஆனால் அங்கே, பின்தங்கிய அணிக்குப் புதிய வீரரைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமை கிடைக்கிறது. ஊதியத்துக்கு உச்சவரம்பு வைக்கும் போட்டிகளும் உள்ளன. அத்தகைய ஈடுகள் இல்லாமல் கதவை மட்டும் மூடினால், உள்ளே இருப்பவரின் இழப்பு குறைகிறது; வெளியே இருப்பவரின் ஊக்கம் அழிகிறது. பொருளியல் இதனை நுழைவுத் தடை என்று அழைக்கிறது.

இந்தியாவில் கதவு இப்போது பாதி திறந்திருக்கிறது. 2022-23-இல் ஐ-லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு உயர்ந்த முதல் அணி, புதிய உரிமையாளரின் கீழ் வந்த பஞ்சாப். அன்று கோவையில் தோற்ற அதே அணியின் வழிவந்தது. அடுத்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் உயர்ந்தது. ஆனால் 2024-25 பருவத்தில் நடைமுறைக்கு வரவேண்டிய இறக்கம் நிகழவில்லை. கடைசி இடம் பெற்ற அணியும் கீழிறங்கவில்லை. ஏற்றம் மட்டும் உள்ள ஏணியில் மேற்படி விரைவில் நிரம்பிவிடும். பிறகு அடுத்து வருபவருக்கு இடம் ஏது?

செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். கால்பந்து அங்கே ஊர்த் திருவிழா. அந்த ஆர்வம் இப்பக்கத்துச் சிறுவர்களிடமும் உண்டு. ஊர் அணியிலிருந்து மாவட்டம், மாநிலம், நாடு என்று ஒரு சிறுவன் ஏற வேண்டுமானால், ஒவ்வொரு படியிலும் வெற்றிக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். 43 புள்ளிகள் பெற்ற ஓர் அணிக்கு அடுத்த படியை நாம் காட்டவில்லை. அந்தப் பிழை மீண்டும் நேராதிருக்க, ஏற்றத்தோடு இறக்கத்தையும் விதியாக்கி, அதைத் தள்ளிப்போடாமல் நடைமுறைப்படுத்துவதே வழி.