சயரோகத்திற்கு வீட்டுச் சிகிச்சை

மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தே வயல்கள் சூழ்ந்த சித்தாண்டியில் ஒருவருக்குச் சயரோகம், அதாவது காசநோய், காணப்படின், இன்று அவர் ஊரைத் துறந்து செல்ல வேண்டுவதில்லை. மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தின் மேற்பார்வையில், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு, இலவச மருந்தை உட்கொண்டு வீட்டிலிருந்தே குணமடையலாம். முன்னாளிலோ, நோயாளரைச் சானட்டோரியத்திற் பல மாதம் கிடத்தி, ஓய்வும் நல்லுணவும் அளிப்பதே முறையெனக் கொண்டனர். வேளாண்மை வெட்டும் காலத்திற் குடும்பத் தலைவன் வெலிசறைக்குச் சென்று கிடந்தால் அவ்வீட்டில் அடுப்பு எரிவது எங்ஙனம்?

இவ்வினாவிற்கு விடை கிடைத்த இடம் சென்னை. நோயாளர் மிகப் பலர், படுக்கைகளோ மிகச் சில என்பதே அன்றைய இந்தியாவின் இடர். 1956ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார ஸ்தாபனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிச் சபை ஆகிய நான்கும் கூடி அங்கே காசநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கின. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதனை வழிநடத்தினார்.

நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானட்டோரியத்திலும் மற்றையோர் தம் நெருக்கமான குடியிருப்புகளிலும் ஓராண்டு ஒரே மருந்துகளை உண்டனர். வீட்டிலிருந்தோர்க்குக் கிடைத்த உணவு குறைவு, ஓய்வும் குறைவு. ஆயினும் ஆண்டின் முடிவில் சானட்டோரியத்தில் நூற்றுக்கு 92 பேரும் வீட்டில் 86 பேரும் நோய் தணிந்திருந்தனர். 1959இல் இம்முடிவு வெளியாயிற்று. நோயாளரை வீட்டில் வைத்திருந்தமையால் உடனுறைந்தோர்க்குத் தொற்று மிகுந்ததாகவும் காணப்படவில்லை. சிகிச்சை தொடங்குமுன் நேர்ந்த தொற்றே பெரிது. மேலைநாடுகளும் பின்னர்த் தம் சானட்டோரியங்களை மூடின. செல்வ நாட்டின் அறிவே வறிய நாட்டை நோக்கிப் பாயும் என்றெண்ணுவோர்க்கு இது சற்று வியப்பாக இருக்கலாம்.

இக்கூட்டுறவு பயன் தந்தமைக்குக் காரணம், வினா இந்தியாவின் சொந்த இடரிலிருந்து எழுந்தது என்பதே. படுக்கைக்குக் குறைவில்லாத நாட்டில் அவ்வினாவை எழுப்புவார் யார்?

எனினும் ஓர் இடையூறு தோன்றிற்று. இருமல் தணிந்ததும் சிலர் மருந்தை நிறுத்தினர். முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணியும், சிறுநீரைச் சோதித்தும் ஆய்வாளர் இதனை அறிந்தனர். ஆகவே வாரம் இருமுறை நோயாளரை வரவழைத்து, கண்முன்னே மருந்தளிக்கும் முறையை அதே நிலையத்தார் ஆராய்ந்து, 1964இல் அதன் நற்பயனை வெளியிட்டனர். நோயாளர் மாத்திரையை விழுங்கும்வரை சுகாதார ஊழியர் அருகிருந்து பார்க்கும் வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது இவ்வாறே.