கொள்முதலாளர் கேட்கும் சான்றும் விவசாயியின் குறிப்பேடும்

விளைபொருளின் நிறம், திரட்சி, எடை ஆகியவற்றை மட்டும் பார்த்து விலை பேசிய காலம் மாறி வருகிறது. எந்தத் தோட்டத்தில் விளைந்தது, என்ன மருந்து எந்த நாளில் தெளிக்கப்பட்டது, வேலை செய்தவர்களுக்கு உரிய கூலியும் பாதுகாப்பும் கிடைத்தனவா என்றும் இப்போது கேட்கிறார்கள். இக்கேள்விகள் மிகக் கண்டிப்புடன் கேட்கப்படும் பொருள்களுள் ஒன்று திராட்சை ஒயின். மது நல்லதா, கெட்டதா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அதற்குப் பழம் தரும் விவசாயி எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறார் என்பதை எல்லாப் பயிர் விவசாயிகளும் அறிந்துகொள்வது நல்லது.

முத்திரை எதைச் சொல்கிறது?

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் பகுதி விவசாயிகளுக்கு முத்திரை புதிதன்று. 2004-இல் வந்த 'சில்க் மார்க்' தூய பட்டு என்பதைக் காட்டுகிறது. 2005-06-இல் காஞ்சிப் பட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீடு, அது நெய்யப்பட்ட இடத்தைக் காட்டுகிறது. நூலுக்கு எந்தச் சாயம் ஏற்றினார்கள், நெய்தவருக்கு என்ன கூலி கொடுத்தார்கள் என்பதை இவ்விரண்டும் சொல்வதில்லை.

தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையும் இத்தகையதே. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்று கூறப்படும் இந்த ரகம், 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. சாறு, ஒயின், ஜாம் ஆகியவற்றுக்கும் ஏற்ற பழம் இது. ஆனால் எப்படி விளைவிக்கப்பட்டது என்பதற்குத் தனிச் சான்று வேண்டும்.

வெளிநாட்டு விதிகள்

நம் மாநிலத்தில் டாஸ்மாக் இருப்பதுபோல் சுவீடன் நாட்டிலும் மதுவின் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்திடமே உள்ளது. இத்தகைய வட ஐரோப்பிய அரசு நிறுவனங்கள், ஒயின் அனுப்புவோருக்குப் பொது நடத்தை விதிகளை வகுத்துள்ளன. குழந்தைத் தொழிலாளர் கூடாது, கூலி சட்டப்படி இருக்கவேண்டும், மருந்து தெளிப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பவை அவற்றில் அடங்கும்.

தென்னாப்பிரிக்கத் திராட்சைத் தோட்டத் தொழிலாளரின் அவல நிலையை 2016-இல் ஒரு டேனிஷ் ஆவணப்படம் காட்டியதும், கேள்வி நேராக இந்நிறுவனங்களை நோக்கி எழுந்தது. தோட்டத்தில் நடப்பது கடை வரையில் சென்று சேரும் என்பதற்கு இது சான்றாகும்.

2010 தந்த பாடம்

2010-இல் மகாராஷ்டிரத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற உண்ணும் திராட்சையில் குளோர்மெக்வாட் குளோரைடு என்னும் வளர்ச்சி ஊக்கியின் எச்சம் கண்டறியப்பட்டது. சைக்கோசெல் என்று நம் விவசாயிகள் அறிந்தது இதுவே. ஏற்றுமதிக்கு முன் சோதிக்கவேண்டிய மருந்துப் பட்டியலில் அது அப்போது இடம்பெற்றிருக்கவில்லை. சரக்குகள் மறுக்கப்பட்டு, விவசாயிகளும் ஏற்றுமதியாளர்களும் பெருநஷ்டம் அடைந்தனர்.

தனி வரம்பு வகுக்கப்படாத மருந்துக்கு ஐரோப்பாவில் பொதுவான வரம்பு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். அதாவது 100 டன் பழத்தில் 1 கிராம்! எனவே, கடைக்காரர் கொடுக்கும் மருந்தை அப்படியே தெளித்துவிட்டுப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்பது இயலாது.

இயற்கை முறைக்கும் அளவு உண்டு. அடிச்சாம்பல் நோய்க்குப் போர்டோ கலவை அனுமதிக்கப்பட்டதே. ஆயினும் ஐரோப்பிய விதிப்படி 7 ஆண்டுகளில் எக்டருக்கு 28 கிலோ தாமிரமே இடலாம். சராசரியாக ஆண்டுக்கு ஏக்கருக்குச் சுமார் 1.6 கிலோ ஆகிறது. ஏக்கருக்கு 400 லிட்டர் 1 சதக் கலவை தெளித்தால், 4 கிலோ மயில்துத்தத்தின் மூலம் ஏறக்குறைய 1 கிலோ தாமிரம் சேரும். இரண்டு முறை தெளித்தாலே சராசரி தாண்டிவிடும்.

குறிப்பேட்டில் எழுதவேண்டியவை

1. சர்வே எண், பரப்பு, ரகம், நீர் ஆதாரம், மண் பரிசோதனை முடிவு.

2. கவாத்து, உரமிடுதல், அறுவடை ஆகியவற்றின் தேதிகள்.

3. மருந்தின் விற்பனைப் பெயருடன் வேதிப்பெயர், தொகுதி எண், அளவு, தெளித்த தேதி, தெளித்தவர் பெயர். கடை ரசீதையும் ஒட்டி வைக்கவும்.

4. மருந்து தெளித்தபின் அறுவடைக்குக் காத்திருக்க வேண்டிய நாட்கள். இது சிட்டையில் அச்சிடப்பட்டிருக்கும்.

5. வேலையாட்கள், கொடுத்த கூலி, வழங்கிய கையுறை, முகமூடி.

6. விற்ற எடை, வாங்கியவர், விலை.

நாளன்றே எழுதவேண்டும். ஆய்வாளர் வரும் முன் ஒரே பேனாவில் எழுதிய குறிப்பேட்டை எளிதில் கண்டுகொள்வார்கள்.

செலவு யாருடையது?

சிறு விவசாயி தனியாகச் சான்று பெறுவது சுமையாகும். குழுவாகச் சேரலாம். தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தில் 25 முதல் 500 பேர் வரை ஒரு குழுவாகலாம். உள்நாட்டு விற்பனைக்கு உதவும் பங்கேற்பு உறுதித் திட்டத்தில் 5 பேர் சேர்ந்தாலே போதும். திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு மாறுதல் காலம் 3 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் மகசூல் குறையக்கூடும். முழுச் சான்றுக்குரிய கூடுதல் விலையும் கிடைக்காது.

எனவே கையெழுத்திடுமுன் மூன்றைக் கேளுங்கள். சான்றுக் கட்டணம் யார் கட்டுவது? கூடுதல் விலை எவ்வளவு, எழுத்தில் உண்டா? சான்று யார் பெயரில் இருக்கும்? ஏற்றுமதியாளர் பெயரில் இருந்தால், அவரை விட்டு வேறொருவருக்கு அச்சான்றைக் காட்டி விற்க இயலாது. உழைப்பு நம்முடையது, முத்திரை மட்டும் பிறருடையது என்னும் நிலைக்கு இடம் தரலாகாது.

காஞ்சிப் பகுதிக்கு

இப்பகுதியில் திராட்சை இல்லையே எனலாம். நிலக்கடலை இருக்கிறது. நேரடியாக உண்ணும் கடலையில் மொத்த அஃப்ளடாக்சின் நச்சு கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் ஐரோப்பாவில் ஏற்கமாட்டார்கள். பறித்த கடலையை ஈரத்துடன் குவிக்காமல் உடனே காயவைத்து, உடைந்த காய்களைப் பிரித்து, அத்தேதிகளைக் குறித்து வைப்பதே முதற்படி.

காஞ்சிப் பகுதி விவசாயிகள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும், திராட்சை விவசாயிகள் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம். சான்று பெறும் முறைக்கு விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையைக் கேட்கலாம். சான்று பின்னர் வரட்டும். குறிப்பேட்டை இப்பருவத்திலேயே தொடங்கிவிடுங்கள்.