உஷார்! உங்கள் ஓட்டுக்கான காரணத்தை அடுத்தவர் முடிவு செய்துவிடுவார்

வேட்புமனுத் தாக்கலுக்கும் வாக்களிப்புக்கும் நடுவே நம் மலேசியாவில் கிடைப்பது ஏறக்குறைய இரண்டு வாரம்தான். 2022 நவம்பர் பொதுத் தேர்தலில் அப்படித்தான், 2023 ஆகஸ்டில் நடந்த பினாங்கு சட்டமன்றத் தேர்தலிலும் அப்படித்தான். 2018-ல் அதைவிடக் குறைவு. அந்தக் கொஞ்ச நாளில் கைப்பேசிக்குள் எது வந்து விழுகிறதோ, அதுவே நாட்டின் தலையாய பிரச்சினை என்று நம்பிவிடுகிறோம். அடுத்த நாடாளுமன்றத் தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். மாநில சட்டமன்றத்தின் தவணையும் அந்த ஆண்டே முடிகிறது. எந்தப் பிரச்சினைக்காக ஓட்டுப் போடப்போகிறோம் என்பதை, தேதி அறிவிக்கும் முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நீங்கள் செய்யாவிட்டால் அந்த முடிவை வேறொருவர் எடுத்து உங்கள் கையில் திணிப்பார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022-ல் வாக்களிப்பு முடிந்து, யார் ஆட்சி அமைப்பது என்று தெரியாமல் நாடே காத்திருந்த நாட்களில், 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் டிக்டாக் காணொளிகள் குவிந்தன. போலீஸ் எச்சரிக்கை விட வேண்டி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, பினாங்கு கெடாவுக்குச் சொந்தம் என்று கெடா மந்திரி பெசார் சனுசி பேசியதும், அதற்கு இங்கிருந்து பதில் போனதுமாக, 1786-ல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் வந்திறங்கிய கதை மறுபடி மேடையேறியது. ஆனால் அந்தச் சச்சரவுக்குள் நிஜமான விஷயம் ஒன்று ஒளிந்திருந்தது. பினாங்கில் நாம் குடிக்கும் தண்ணீருக்கான மூல நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. கெடாவிலிருந்து ஓடிவரும் ஆறு அது. 2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றுவதற்காகத் தண்ணீரை நிறுத்தினார்கள். வீடு வீடாக வாளியும் டிரம்மும் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தோம். பேராக்கிலிருந்து நீர் கொண்டுவரும் பேச்சு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அந்த ஒரே ஆற்றுக்கு மாற்று என்ன என்று 2023-ல் எத்தனை வேட்பாளர்களிடம் கேட்டோம்? தீவு யாருக்குச் சொந்தம் என்பதிலேயே நம் கோபம் முழுவதும் செலவழிந்துவிட்டது.

ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு மலிவு விலை அடுக்குமாடிக்குத் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். லிஃப்ட் ஓடவில்லை. எழுபது வயது தாண்டியவர், மேல்மாடியில் இருப்பவர், டயாலிசிஸுக்குப் போய் வருபவர். மகன் ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அப்பாவை உட்காரவைத்து உட்காரவைத்து ஏற்றிக்கொண்டு வந்தான். "இந்தத் தடவ யாருக்குண்ணே போடுவீங்க?" என்று கேட்டேன். மூச்சு வாங்க, "நம்ம கோயில் விஷயத்துல யார் குரல் கொடுக்குறாங்களோ அவங்களுக்குத்தாம்பா" என்றார். கோயில் பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மாடிப்படி அவருடைய பட்டியலிலேயே இல்லை என்பதுதான் என்னைப் பதறவைத்தது. மலிவு விலை வீடுகளின் பெரிய பழுதுகளுக்குச் செலவில் 80 விழுக்காடு வரை மாநில அரசே ஏற்கும் திட்டம் பினாங்கில் இருக்கிறது. அதற்கு மனுப் போட்டார்களா, போட்டிருந்தால் எங்கே நிற்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுக் கேட்டு வரும் சட்டமன்ற வேட்பாளரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

சட்டமன்ற வேட்பாளரிடம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அதிகாரங்களைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. நிலம் மாநிலத்துக்கு. ஊராட்சி மன்றம் மாநிலத்துக்கு. குடியுரிமை, கல்வி, மருத்துவமனை, போலீஸ் எல்லாம் கூட்டரசுக்கு. வீடமைப்பு, வடிகால் போன்ற சிலவற்றில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு. 2018 வரை நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டோம். 2022 முதல் பினாங்கில் இரண்டும் வேறு வேறு நாள். இதனால் குழப்பம் தீரவில்லை, கூடிவிட்டது. மாநிலத் தேர்தல் மேடையில் குடியுரிமை பற்றி முழங்குகிறார்கள், நாடாளுமன்றத் தேர்தலில் சாக்கடையைச் சுத்தம் செய்வதாக வாக்குக் கொடுக்கிறார்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு பாட்டி தவிக்கும் வீட்டுக்கு வந்து, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சட்டமன்ற வேட்பாளர் சொன்னால், அவர் தர முடிவது ஒரு சிபாரிசுக் கடிதம். முடிவு எடுக்கும் இடம் கூட்டரசு அமர்ந்திருக்கும் புத்ராஜெயா. தமிழ்ப்பள்ளி விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஆசிரியரை அனுப்புவது கூட்டரசு, பள்ளிக்கு நிலம் ஒதுக்க வேண்டியது மாநிலம். இந்த இரண்டுக்கும் நடுவில் நழுவிப்போன வாக்குறுதிகள் ஏராளம். வாக்குறுதி நிறைவேறாவிட்டால் "அது அவர்கள் அதிகாரம்" என்று கையை விரிக்க வசதியான இடம் அது.

குப்பை, தெருவிளக்கு, அங்காடிக் கடை லைசென்ஸ் இவையெல்லாம் மாநகர் மன்றத்தின் வேலை. அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1951-லேயே ஜோர்ஜ்டவுனில் நகராட்சித் தேர்தல் நடந்தது. தொழிற்கட்சியின் டி.எஸ்.ராமநாதன் இந்த நகரின் மேயராக இருந்தார். இன்றும் அவர் பெயரில் சாலை இருக்கிறது. இந்தோனேசியாவுடன் மோதல் நடந்த காலத்தில், 1965-ல், ஊராட்சி மன்றத் தேர்தல்களை நிறுத்திவைத்தார்கள். அத்தி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணை ஆணையம் தேர்தல் வேண்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் 1976 ஊராட்சி மன்றச் சட்டம் கதவை அடைத்துவிட்டது. 2012-ல் பினாங்கு சட்டமன்றம் தனிச் சட்டம் போட்டுப் பார்த்தது, 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆக, தெருமுனைச் சாக்கடைக்காக நீங்கள் போடக்கூடிய ஓட்டு சட்டமன்ற ஓட்டு ஒன்றுதான். அதையும் 1786-க்காகப் போட்டுவிட்டால் சாக்கடைக்கு மிச்சம் எதுவும் இல்லை.

கம்போங் புவா பாலாவை மறந்துவிட்டோமா? குளுகோரில், தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்துப் பால் கறந்து வாழ்ந்த தமிழர் கிராமம். இந்து உரிமைகளுக்கான இண்ட்ராஃப் அமைப்பின் 2007 நவம்பர் 25 பேரணிக்குப் பிறகு தமிழர்கள் கொதித்துக்கொண்டிருந்த நேரம். 2008 மார்ச் 8-ல் பினாங்கில் ஆட்சியே மாறியது. முதலமைச்சராக இருந்த கோ சு கூன், பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் பேராசிரியர் பி.இராமசாமியிடம் தோற்றார். இராமசாமி துணை முதலமைச்சர் ஆனார். தமிழர்கள் தலைநிமிர்ந்து நடந்த நாட்கள் அவை. கிராமத்துக்காரர்களும் மாற்றத்துக்கே ஓட்டுப் போட்டார்கள், தங்கள் கிராமத்தைக் காப்பாற்றுவதாக அன்றைய எதிர்க்கட்சியினர் தேர்தலுக்கு முன் வாக்குக் கொடுத்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த நிலத்தை அரசு அதிகாரிகள் கூட்டுறவுச் சங்கத்துக்கு விற்க முந்தைய ஆட்சியே ஒப்புதல் கொடுத்துவிட்டது என்றது புதிய அரசு. பெயர் மாற்றம் யாருடைய ஆட்சியில் முழுமையானது என்று இரு தரப்பும் அடித்துக்கொண்டன. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. பேச்சுவார்த்தையில் மாற்று வீடுகள் தருவதாகச் சொன்னார்கள். சிலர் ஏற்றார்கள், சிலர் மறுத்தார்கள். 2009 செப்டம்பரில் மண்வாரி இயந்திரங்கள் உள்ளே போயின.

அந்தக் கிராமத்தாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. இண்ட்ராஃப் எழுச்சி நியாயமானது, அதற்காக ஓட்டுப் போட்டதும் நியாயமானது. நான் சொல்வது வேறு. அத்தனை பெரிய அலையில், ஒரு மனையின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்ற சின்னக் கேள்வி அடியில் போய்விட்டது. துணை முதலமைச்சர் நாற்காலியில் தமிழர் ஒருவர் உட்கார்ந்திருந்தும் கிராமம் நிற்கவில்லை. நம் ஆள் ஒருவர் உள்ளே இருப்பது வேண்டும், அவசியம் வேண்டும். ஆனால் அதையே ஒற்றைப் பிரச்சினையாக வைத்துக்கொண்டால், நம் ஆள் உள்ளே போனதும் நம்மிடம் கேட்க எதுவும் இருக்காது.

இன்னொரு தேதியையும் சொல்கிறேன். 1948-க்கு முந்திய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்ததால்தான் ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் சாதாரணக் குடும்பங்கள் காலம் தள்ளின. அந்தக் கட்டுப்பாட்டை நீக்கும் சட்டம் 1997-ல் நிறைவேறியது, கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது 2000 ஜனவரி 1. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன், 1999 நவம்பர் 29-ல், பொதுத் தேர்தல். நாடு முழுவதும் துணைப் பிரதமராக இருந்த அன்வாரின் பதவி நீக்கமும் ரிஃபோர்மாசி என்னும் சீர்திருத்த இயக்கமும்தான் பேச்சு. அது பேச வேண்டிய பேச்சுதான். ஆனால் லெபோ பாசார் சுற்றுவட்டாரத்தில் பல குடும்பங்களின் வாழ்க்கையைப் புரட்டிப்போட்டது புத்தாண்டோடு வந்த வாடகை. நகரத்தின் உள்பகுதியிலிருந்து குடும்பங்கள் வெளியேறின. அதன் பிறகு 2008-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது, கட்டடங்களின் மதிப்பு இன்னும் ஏறியது.

இஸ்லாமியக் கட்சியான பாஸ் ஆட்சிக்கு வந்துவிடும் என்ற பயத்திலேயே ஓட்டுப் போடுகிறவர்களும் நம்மில் நிறைய. 2023-ல் பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் நேஷனல் கூட்டணி பினாங்கில் 40-ல் 11 இடங்களைப் பிடித்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் ஏன் என்று புரியும். ஆனால் பயத்துக்காக மட்டும் ஓட்டுப் போட்டால், ஜெயித்தவர் உங்களுக்கு எதற்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பிரச்சினை ஒன்றையும் வைத்துக் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், பினாங்குத் தமிழர்களுக்குச் சட்டமன்றத் தேர்தலில் நிலமும் வீடும்தான் முதல் பிரச்சினை. டிஓஎல் என்னும் தற்காலிக உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டு வாழ்பவர்கள், அந்த மாதிரி நிலத்தில் நிற்கும் கோயில்கள், வாடகை ஏறிக்கொண்டே போகும் கடைகள் எல்லாம் இதற்குள் வந்துவிடும். நாடாளுமன்றத் தேர்தலில் குடியுரிமையும் பள்ளியும். உங்கள் வீட்டில் வரிசை மாறலாம், மாறட்டும். ஆனால் தேர்தலுக்கு முந்தைய வாரம் கோயில் மண்டபத்தில் கொடுக்கும் காசோலையையும், தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் வந்து எடுத்துக்கொள்ளும் படத்தையும் மட்டும் அந்த வரிசையில் சேர்த்துவிடாதீர்கள்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதானாலே பெயர் தானாக வாக்காளர் பட்டியலில் ஏறிவிடும், மைகார்டு அடையாள அட்டையில் இருக்கும் முகவரிப்படி. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை, தங்குவது இங்கே, மைகார்டு முகவரி மட்டும் சுங்கை பட்டாணியில் என்றால் உங்கள் ஓட்டு கெடாவில் இருக்கிறது. இங்கே நீங்கள் படும் பாட்டுக்கு அங்கே போட்டியிடுகிறவர் பொறுப்பாக மாட்டார். தேர்தல் ஆணையத்தின் மைஎஸ்பிஆர் செமாக் தளத்தில் இன்றே பாருங்கள். தேர்தல் அறிவித்த பிறகு மாற்ற முடியாது.

வேட்பாளர் வாசலுக்கு வந்ததும் கை குலுக்கி அனுப்பிவிடாதீர்கள். எங்கள் மனை யார் பெயரில் இருக்கிறது, உரிமம் எந்த ஆண்டு வரை, லிஃப்டுக்கு மனுப் போட்டாயிற்றா, இதில் உங்கள் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது, இல்லாததை யாரிடம் கேட்டு வாங்குவீர்கள் என்று கேளுங்கள். பதிலைத் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், அனுமதி கேட்டு அங்கேயே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள்.