வாசற்படியில் நிற்கும் பிள்ளை

வினாயகபுரத்தில் ஒரு தாயைச் சந்தித்தேன். 1990ஆம் ஆண்டு வயலையும் வீட்டையும் விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பம் ஒன்றின் மகள் அவர். அவருடைய ஏழு வயதுப் பெண்பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் இரண்டும் வழங்குவதில்லை. பேச்சிலோ புத்தியிலோ ஒரு குறையும் கிடையாது. அண்ணன் உரத்துப் படிக்கும் பாடத்தைத் திண்ணையில் இருந்தே கேட்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள். ஆனாலும் அவள் இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை.

“ஏன் தங்கச்சி, சேர்க்கவில்லையா?” என்று கேட்டேன்.

“கொண்டு போனன் பாதர். இப்படிப்பட்ட புள்ளையளப் பாக்க எங்களுக்கு ஏலாது, இதுகளுக்கெண்டு வேற இடம் இருக்கு, அங்க விடுங்க எண்டு சொல்லிட்டாங்க. ரெண்டாந்தரம் போய்க் கேக்க வெட்கமாப் போயிற்று.”

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து போய்ப் படிப்புக் கேட்டவர் அந்தத் தாய். அவர் எதற்காக வெட்கப்பட வேண்டும்?

தயவா, உரிமையா?

நிவாரண வரிசையில் நின்ற நமக்குத் தயவுக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசத்தை யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. தயவை மனம் வந்தால் கொடுப்பார்கள். உரிமையை மறுப்பவர் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். ஊனமுற்ற பிள்ளைக்கு ஊர்ப் பாடசாலையில் உள்ள இடம் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

ஊனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், ஊனத்தைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனம் எதிலும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. மறுக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 2016இல் கட்டாயக் கல்வியின் வயதெல்லை 5 முதல் 16 வரை என நீட்டப்பட்டது. அதே ஆண்டு பெப்ரவரியில், ஊனமுற்றோரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிசெய்தது. அதன் 24ஆம் உறுப்புரை, ஊனத்தின் பேரில் எந்தப் பிள்ளையையும் பொதுக் கல்வியிலிருந்து ஒதுக்கக் கூடாது என்கிறது.

சட்டம் தானாக நடந்து வராது. 1992இல் காரின் மேல் மரம் விழுந்து, நடக்கும் வல்லமையை இழந்தவர் கலாநிதி அஜித் பெரேரா. கிரிக்கெட் நடுவராக இருந்தவர். பொதுக் கட்டிடங்களில் சக்கர நாற்காலியும் போகக்கூடிய வழி வேண்டும் என்று 2006இல் விதிகள் வந்தும், படிகள் படிகளாகவே இருக்கக் கண்டு அவர் உயர் நீதிமன்றம் சென்றார். புதிய பொதுக் கட்டிடங்களில் வழியும் மலசலகூடமும் எல்லோரும் பயன்படுத்தக் கூடியவாறு அமைய வேண்டும் என்று 2011இல் நீதிமன்றம் கட்டளையிட்டது. பாடசாலையும் பொதுக் கட்டிடம்தானே?

வேறு இடமா, ஊர்ப் பள்ளியா?

“வேற இடம்” என்று காட்டப்படும் விசேட பாடசாலைகளைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இரத்மலானையில் 1912இலும், யாழ்ப்பாணம் கைதடியில் 1956இலும் தொடங்கிய பாடசாலைகள், பார்க்கவும் கேட்கவும் முடியாத எத்தனையோ பிள்ளைகளுக்குக் கல்வி கொடுத்தன. புள்ளியெழுத்தும் சைகை மொழியும் கற்ற ஆசிரியர்கள் இன்றும் தேவை. ஆனால் கால் வழங்காத ஒரு பிள்ளை, படிப்பதற்காகத் தாயையும் ஊரையும் விட்டு ஏன் போக வேண்டும்? இடம்பெயர்வின் வலி தெரிந்த நாம், ஏழு வயதுப் பிள்ளையை இன்னொரு முறை இடம்பெயரச் செய்யலாமா? விடுதி நடத்தும் எங்களைப் போன்றவர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சாதாரண பாடசாலையின் கதவு திறக்க வேண்டும் என்று 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் கூடிய 92 நாடுகளின் பிரதிநிதிகள் அறிக்கை விட்டனர். இதையே இங்கு உட்படுத்தல் கல்வி என்கிறோம். பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு மறந்துவிடுவது உட்படுத்தல் ஆகாது. நெருக்கமான வகுப்பில், பயிற்சியும் உதவியும் இல்லாத ஆசிரியர் பயப்படுவதிலும் நியாயம் உண்டு. ஆகவே ஆசிரியரைப் பகைக்காமல், அவருக்கு வேண்டிய உதவியையும் சேர்த்தே நாம் கேட்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பிறப்புச் சான்றிதழ். இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, அனுமதியை எழுத்தில் கேளுங்கள். ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள். பின்பு திருக்கோவில் வலயக் கல்விப் பணிமனைக்கும், தேவைப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்துக்கும் அந்தக் கடிதங்களோடு போங்கள்.

மூன்றாவது, படி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்தின் கணக்கு. அரையடிப் படிக்கு ஆறடி போதும். வரம்பு கட்டி, வாய்க்கால் வெட்டிய கைகளுக்கு இது ஒரு நாள் சிரமதான வேலை. அதிபரிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பேசுங்கள். மலசலகூடத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பியும் வேண்டும். அது இல்லாவிட்டால், வளர்ந்த பெண்பிள்ளை படிப்பை விட்டு நின்றுவிடுவாள்.

நான்காவது, பரீட்சை. மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தாய், மாதர் சங்கத்துப் பெண்கள் மூவரோடு இருந்து கடிதம் எழுதினார். கையொப்பம் வைக்கும்போது கை நடுங்கியது. பிள்ளை எட்டிப் பார்த்து, தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காட்டினோம். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

பதில் இன்னும் வரவில்லை. புதிய தவணை தொடங்கும் நாளில் அவள் மீண்டும் அந்த வாசற்படிக்கு வருவாள். இம்முறை தாயை மட்டும் தனியே அனுப்பிவிடாமல், ஊரவர் நாமும் கூடப் போவோம்.