வியர்வையை அளக்கும் ஆய்வு
ஆடுகள அறிவியல் – 7

விளையாட்டு அறிவியலில் முதுகலை படிப்பவர் தனியாக எடுத்துச் செய்யும் ஆய்வுக்குப் பெரிய ஆய்வுக்கூடம் கட்டாயமில்லை. கையிலுள்ள கருவியால் விடை காணக்கூடிய கேள்வி ஒன்று வேண்டும். ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கிய, இப்போது சென்னை நந்தனத்தில் உள்ள ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி முதல் மேலக்கோட்டையூரில் உள்ள தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் வரை, இத்துறை ஆய்வேடுகள் நெறியாளரின் மேற்பார்வையில்தான் உருவாகின்றன. ஆனால் தலைப்பைத் தேர்வது, ஆட்களைத் திரட்டுவது, அளப்பது, கணக்கிடுவது, எழுதுவது ஆகிய அனைத்தும் மாணவரின் பொறுப்பு.

‘கபடி வீரர்களின் உடல்தகுதி’ என்பது தலைப்பு, கேள்வி அல்ல. பச்சைமலை அடிவாரத்து அரும்பாவூர் போன்ற ஊர்களில் கபடிப் பயிற்சி பெரும்பாலும் திறந்தவெளியில் நடப்பது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: கோடை மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆடுபவர் எவ்வளவு நீரை வியர்வையாக இழக்கிறார்? தாகம் எடுக்கும்போது மட்டும் குடித்தால் அது ஈடாகுமா, கால் மணிக்கு ஒருமுறை குடிக்கவைக்க வேண்டுமா? இதற்கு விடை கிடைத்தால் பயிற்சியாளர் மறுநாளே தண்ணீர் இடைவேளையை மாற்றலாம். களத்தில் ஒரு பழக்கத்தை மாற்றவோ உறுதிப்படுத்தவோ உதவுவதுதான் பயன்பாட்டு ஆய்வு.

அளப்பதற்கு முன் அனுமதி. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளே இங்கு அடிப்படை. ஆய்வுத் திட்டத்தைக் கல்வி நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு அந்தப் பிள்ளையின் இசைவும் தேவை. அணியைத் தேர்ந்தெடுப்பவர் பயிற்சியாளர் என்பதால், அவரே கேட்டால் ஆட்டக்காரர் மறுக்கத் தயங்குவார். எனவே விளக்கிச் சொல்லிச் சம்மதம் கேட்பது ஆய்வாளராக இருப்பதே முறை. மயக்கம், குமட்டல், தலைவலி வந்தால் ஆட்டக்காரரை உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடலைக் குளிர்விக்க வேண்டும் என்பதும் முன்பே எழுதிவைக்க வேண்டிய விதி.

வியர்வையை அளக்கப் பயன்படுவது எடை மெஷின். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில், வெறுங்காலில் எடை பார்க்க வேண்டும். மண் தரையில் மெஷினை வைத்தால் அளவு மாறும். கெட்டியான சமதளம் தேவை. பயிற்சி முடிந்ததும் உடம்பைத் துண்டால் நன்றாகத் துடைத்து, அதே அளவு உடையில் மறுபடி எடை. வியர்வையில் நனைந்த பனியனோடு நின்றால் இழந்த நீரின் ஒரு பகுதி எடையிலேயே தங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் பெயரெழுதிய பாட்டில் கொடுத்தால், குடித்த தண்ணீரைத் தனித்தனியே கணக்கெடுக்கலாம்.

எடுத்துக்காட்டாக, முன்பு 62.0 கிலோ இருந்தவர் பின்பு 61.1 கிலோ; இடையில் குடித்தது அரை லிட்டர், சிறுநீர் கழிக்கவில்லை. குறைந்த 0.9 கிலோவோடு குடித்த 0.5ஐக் கூட்டினால் வியர்வை ஏறத்தாழ 1.4 லிட்டர், மணிக்கு 0.93 லிட்டர். உடல் எடையில் குறைந்தது 1.5 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. இழப்பு 2 சதவீதத்தைத் தாண்டினால், அதிலும் வெயிலில், ஆட்டத்திறன் குறையக்கூடும் என்பது பரவலாகக் கையாளப்படும் எல்லை. முன்பைவிட எடை கூடியிருந்தால் அவர் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார், அதுவும் நல்லதல்ல.

உண்மையான அளவீட்டுக்கு முன் முன்னோட்டம் நடத்த வேண்டும். ஒரே ஆளை உடனுக்குடன் இருமுறை நிறுத்தி எடை பார்த்தால் மெஷினும் முறையும் எவ்வளவு பிசகுகின்றன என்று தெரியும். பலரிடம் இப்படி எடுத்த வித்தியாசங்களின் திட்ட விலக்கத்தை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைப்பது அளவீட்டுப் பிழை. பின்னால் காணும் மாற்றம் இந்தப் பிழைக்குள் அடங்கினால் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுத முடியாது.

கபடி அணியில் களமிறங்குபவர் ஏழு பேர். மாற்று ஆட்டக்காரர் ஐவரையும் சேர்த்தால் பன்னிரண்டு. இதை இரண்டாகப் பிரித்து ஒரு குழுவை இன்னொன்றோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை போதாது. தாகத்துக்கு மட்டும் குடிப்பது, கால் மணிக்கு ஒருமுறை குடிப்பது என்ற இரண்டு முறையையும் ஒவ்வொருவரும் பின்பற்றினால் அவரை அவரோடே ஒப்பிடலாம். முதல் நாள் எல்லோருக்கும் ஒரு முறை, மறுநாள் எல்லோருக்கும் மற்றொன்று என்று வைத்தால், வெயிலின் வித்தியாசம் முறையின் வித்தியாசமாகத் தோன்றிவிடும். எனவே சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்கு ஒரு முறை, மீதிப் பேருக்கு மற்றது. அடுத்த அமர்வில் மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெப்பத்தையும் குறிக்க வேண்டும். சாதாரண வெப்பமானி மட்டும் போதாது. ஈரக்குமிழ் அளவு 70, கருங்கோள அளவு 20, நிழல் வெப்பம் 10 சதவீதம் என்று சேர்த்த குறியீடே வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் காட்டும். எடை வரம்பு வைத்த போட்டி நெருங்கும் வாரத்தில் அளக்கக் கூடாது. எடை குறைக்கச் சிலர் தண்ணீரையே தவிர்ப்பதால், கிடைக்கும் எண் பயிற்சியைப் பற்றியதாக இருக்காது.

முடிவை எழுதும்போது சராசரி மட்டும் போதாது. ஒரே பயிற்சியில் ஒருவர் மற்றவரைவிட இரு மடங்கு வியர்க்கலாம்; பன்னிரண்டு பேரின் அளவுகளையும் பெயரில்லாமல் அட்டவணையாகத் தருவது நல்லது. இன்னொருவர் அப்படியே திரும்பச் செய்யும் அளவுக்கு முறை விளக்கப்பட வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, ஆய்வேட்டின் வாசகம் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்திருந்தால் தண்டனையில்லை. அதைத் தாண்டினால் குறைந்தபட்சம் திருத்தி எழுத வேண்டிவரும். வாய்மொழித் தேர்வில் பெரும்பாலும் கேட்கப்படுவது ஏன் இந்த முறை, ஏன் இத்தனை பேர், பிழை எவ்வளவு என்பவையே. ஆய்வேடு நூலகத்துக்குப் போகும்போது, அணிக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பும் போக வேண்டும்: யார் யாருக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை.

(தொடரும்)