நடைமேடைக் கூரையில் ஒரு மின் நிலையம்

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்தின் கூரைகள்மீது ஒரு மின் நிலையம் இருக்கிறது. புகைபோக்கி கிடையாது, சுழலும் டர்பைனும் கிடையாது. வரிசையாகப் பதித்த சோலார் பேனல்கள்தான் எல்லாம். திறன் 1.5 மெகாவாட். நிலையத்தின் பகல்நேர மின்தேவை முழுவதையும் இது ஈடுகட்டுவதாக 2021-ல் ரயில்வே அறிவித்தது. நெரிசல் மிகுந்த நகரத்தின் நடுவில், இதற்கென்று ஒரு சென்ட் நிலம்கூட எடுக்காமல் நடந்த காரியம் இது.

பேனலுக்குள் இருப்பவை சிலிக்கான் செல்கள். ஒவ்வொரு செல்லிலும் ஒரு பக்கம் பாஸ்பரஸும் மறுபக்கம் போரானும் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும். இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் ஒரு மின்புலம் தானாக உருவாகிவிடுகிறது. ஒளி பட்டதும் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அந்த மின்புலம் அவற்றை ஒரே பக்கமாகத் தள்ளுகிறது. கம்பியை இணைத்தால் மின்னோட்டம் தயார். ஒரு செல் தருவது அரை வோல்ட் சொச்சம்தான். அதனால் 60, 72 என்று தொடராகக் கோத்துப் பேனலாக்குகிறார்கள். 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் உருவாக்கிய செல், தன்மேல் பட்ட ஒளியில் சுமார் 6 சதவீதத்தையே மின்சாரமாக்கியது. இன்று கடையில் கிடைக்கும் நல்ல பேனல்கள் 20 சதவீதத்தைத் தாண்டுகின்றன.

வெயில் கொளுத்தினால் மின்சாரம் கொட்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பேனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்குப் பகை. செல்லின் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டி ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். அக்னி நட்சத்திரத்தில் பேனல் 60 டிகிரியைத் தொட்டால் பத்தில் ஒரு பங்கு போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்று புக இடம் விடுவது இதற்காகத்தான்.

பேனலிலிருந்து வரும் நேர்திசை மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுதிசையாக்கி, மின்வாரியக் கம்பியின் 50 ஹெர்ட்ஸ் துடிப்போடு சேர்க்கிறது. பேட்டரி இல்லாத அமைப்பில், தெருவில் கரன்ட் போனால் இன்வெர்ட்டரும் உடனே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது; குறை என்று நினைக்க வேண்டாம்.

வீட்டு மாடியில் 1 கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி போதும். நம் ஊர் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். ஆனால் நிழல் ஆகாது. தொடரில் ஒரு செல்லை நிழல் மறைத்தாலும் அதனோடு கோத்தவற்றின் உற்பத்தியும் சரியும். சூரியன் தெற்கே சாயும் மார்கழியில்தான் நண்பகல் நிழலும் நீளும். பணம் கட்டுவதற்கு முன், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் காலையிலும் மாலையிலும் எங்கே விழுகின்றன என்று மாடி ஏறிப் பார்த்துவிடுங்கள்.